பதினெட்டு ஹெல்பர்கள்

எங்கள் கம்பெனியில் மொத்தம் இருபத்தாறு பேர். அதில் பதினெட்டுப் பேர் ஹெல்பர்கள். யாருக்கு ஹெல்ப் செய்கிறார்கள் என்று கேட்கக் கூடாது. அலுமினியம் உருக்குகிறவர் ஹெல்பர், அச்சு மாட்டுகிறவர் ஹெல்பர், பதின்மூன்று வருஷமாகக் கையில் கிரைண்டரோடு நிற்கிற பாண்டியனும் ஹெல்பர். மெஷின் ஆபரேட்டர் என்று எழுதினால் அரசாங்கம் வகுத்த சம்பளம் ஒரு படி மேலே போய்விடும். அதனால் பதிவேட்டில் எல்லோரும் பெருக்கிக்கொண்டும் பெட்டி அடுக்கிக்கொண்டும் இருக்கிறார்கள். வண்டிப் பாகங்கள் தாமாகவே தயாராகி லாரியில் ஏறிக்கொள்கின்றன.

இந்தப் பதிவேட்டை எழுதுகிறவர் தாட்சாயிணி. நான் அவருக்கு எதிர் மேஜை. பெயர் ஆனந்தன், குவாலிட்டி. அதாவது, செய்து முடித்த பாகத்தை விரலால் தடவிப் பார்ப்பேன். ஓரத்தில் பிசிறு இருந்தால் திருப்பி அனுப்புவேன். பாண்டியன் மறுபடி கிரைண்டரால் தேய்ப்பான். பதினாலு வருஷமாக இதைத்தான் செய்கிறேன். இதற்கு ஒரு டிப்ளமோ வேறு.

கம்பெனியின் பெயர் சரசா டை காஸ்டிங், அம்பத்தூர் எஸ்டேட். சரசா என்பது முதலாளி நடேசன் சாரின் மனைவி. ஒரே ஒருமுறை ஆயுதபூஜைக்கு வந்தார், புழுக்கம் தாங்காமல் அரை மணியில் கிளம்பிவிட்டார். அதன்பிறகு பெயர்ப்பலகையில் மட்டும்தான் இருக்கிறார்.

தாட்சாயிணிக்கு நாற்பத்தேழு வயது. பருத்திப்பட்டுக்காரர். அவர் அப்பா நெல் போட்ட ஒன்றரை ஏக்கரில் இப்போது நாலு மாடி அடுக்ககம் நிற்கிறது. அங்கே குடிவந்த ஐ.டி. பிள்ளைகள் ஏரியைச் சுற்றி நடக்கும்போது, “ஆன்ட்டி, உங்களுக்கு சொந்த ஊர் எது?” என்று இவரைக் கேட்பார்களாம். இவர் காலால் தரையைக் காட்டுவாராம். கணவர் பரந்தாமன் ஆவடியில் தண்ணீர் கேன் போடுகிறார். பிள்ளை இல்லை. அதைப் பற்றி நான் கேட்டதில்லை. அவரும் என்னிடம் எதையும் கேட்டதில்லை. எங்கள் நட்பு இத்தனை நாள் நீடித்ததற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

கேட்காமல் இருப்பது அவருக்கு ஒரு கொள்கை. இங்கே வருவதற்கு முன்னால், இருபது வயதில், ஒரு ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் இருந்தார். லீவு போட்டுவிட்டு வந்தால் அங்கே கேட்டிலேயே நிறுத்தி, வரிசையில் இருக்கும் அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி காரணம் கேட்பான் ஒரு டைம்கீப்பர். இவர் காய்ச்சல் என்று சொல்லியிருக்கிறார். “மாசாமாசம் அதே தேதிக்கு வர்ற காய்ச்சலா?” என்று கேட்டானாம். வரிசை சிரித்தது. மறுநாளிலிருந்து இவர் போகவில்லை. என்னிடம் இதைச் சொன்னபோது சம்பவம் நடந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. முகம் அப்போதும் சிவந்தது.

அதனால் எங்கள் கம்பெனி லீவு நோட்டில் யாருக்கும் காரணம் கேட்கப்படாது. வாட்ஸாப்பில் ‘அக்கா ஜுரம்’ என்று வந்தால் ‘காய்ச்சல்’ என்று எழுதுவார். ஒன்றுமே வராவிட்டாலும் காய்ச்சல்தான். மூலம், பல்வலி, மாமியார் சண்டை, புதுப்படம், எல்லாமே காய்ச்சல். அந்த நோட்டைப் படித்தால் அம்பத்தூரில் இருபத்திரண்டு வருஷமாகக் கொள்ளைநோய் என்று தோன்றும். கொரோனா வந்த வருஷம் மட்டும் குழப்பமாகிவிட்டது. மூன்று பேருக்கு ‘நிஜக் காய்ச்சல்’ என்று எழுதினார்.

இன்னொரு வழக்கமும் உண்டு. ஃபைலோடு யாராவது வெளியாள் வருகிறார் என்று தெரிந்தால், காலை ஒன்பது மணிக்கு தாட்சாயிணி ஷெட்டுக்குள் ஒரு சுற்று வருவார். “யாரு கேட்டாலும் ஹெல்பர். பெருக்கறது, அடுக்கறது. மிஷின் பக்கம் போறதில்ல. புரிஞ்சுதா?” என்பார். எல்லோரும் தலையாட்டுவார்கள். இந்தப் பாடத்தில் முதல் மாணவன் பாண்டியன். ஒருமுறை ஒரு அதிகாரி கேட்டதற்கு, கிரைண்டரைக் காட்டி, “இது இன்னா சார்?” என்று திருப்பிக் கேட்டான். அன்றைக்கு நடேசன் சார் அவனுக்கு பிரியாணி வாங்கிக் கொடுத்தார்.

அந்தப் பாண்டியன் போன வருஷம் நாலு மாசத்தில் பதினேழு நாள் லீவு போட்டான்.

“இன்னாம்மா தாட்சாயிணி, பதினேழு நாளும் ஜுரமா? இவனுக்கு மட்டும் எங்கேர்ந்து வருது?” என்று நடேசன் சார் கேட்டார்.

“பனி சார்” என்றார் தாட்சாயிணி. அது மே மாதம்.

நடேசன் சார் அந்த வாரம்தான் சிறுதொழில் முதலாளிகள் கூட்டம் ஒன்றுக்குப் போய், பிரிஞ்சி சாப்பிட்டுவிட்டு, ஒரு யோசனையோடு திரும்பியிருந்தார். அடிக்கடி உடம்புக்கு முடியாமல் போகும் ஊழியரை, தொழிலாளர் உடல்நலம் பார்க்கிற டாக்டரிடம் கம்பெனியே கடிதம் கொடுத்து அனுப்ப வேண்டும்; அவருக்கு என்ன தொந்தரவு, வேலையால் வந்ததா, என்ன மாற்றம் செய்தால் தொடர்ந்து வேலை செய்யலாம் என்று டாக்டர் ஆலோசனை சொல்வார். கூட்டத்தில் இப்படித்தான் பேசியிருக்கிறார்கள். நடேசன் சாருக்குப் பாதிதான் காதில் ஏறியிருந்தது.

“ஒடம்பு நல்லா கீதுன்னு டாக்டர் எழுதிக் குடுத்துட்டாங்கன்னு வெய்யி. அப்பால லீவு போட்டான்னா தூக்கிடலாம். சட்டப்படி” என்றார். டாக்டரிடம் அனுப்புவதை அவர் போலீசில் புகார் கொடுக்கிற மாதிரிதான் புரிந்துகொண்டிருந்தார்.

ஆவடியில் டாக்டர் லாவண்யா என்பவர் சின்னக் கம்பெனிகளுக்கு இந்த மாதிரி பார்க்கிறார் என்று விசாரித்து, இரண்டு பக்கப் படிவம் ஒன்று வரவழைத்தோம். ஊழியர் என்ன வேலை செய்கிறார், எந்தக் கருவி, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் என்று கேட்டிருந்தது. லீவுக்கான காரணங்கள் கேட்டிருந்தது. கடைசியில், ‘வேலையில் என்ன மாற்றம் செய்து தர முடியும்?’ என்று ஒரு கேள்வி. அதைப் படித்துக் காட்டியபோது நடேசன் சார், “மாற வேண்டியது அவன்தான்னு எழுது” என்றார். தாட்சாயிணி அதைக் காலியாக விட்டார்.

மற்றவற்றை நிரப்பினார். வேலை: ஹெல்பர், பெருக்குதல், பெட்டி அடுக்குதல். கருவி: இல்லை. லீவுக்குக் காரணம்: காய்ச்சல். பதிவேட்டைப் பார்த்துப் பதிவேட்டில் உள்ளபடி எழுதினார். யோசிக்க ஒரு நொடிகூட எடுக்கவில்லை. எதிர் மேஜையிலிருந்து நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்கும் ஒன்றும் தவறாகத் தெரியவில்லை. பாண்டியன் ஒப்புதல் கையெழுத்துப் போட்டான். பேனாவை முஷ்டியால் பிடித்துப் போட்டான். படிப்பு கம்மி, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

டாக்டரைப் பார்த்துவிட்டு மறுநாள் டீ நேரத்தில் எங்கள் மேஜைக்கு வந்தான். முகத்தில் பெருமை.

“கரெக்டா சொல்லிட்டேன்க்கா. இன்னா வேலைன்னு மூணு தபா கேட்டாங்க. மூணு தபாவும் பெருக்குறேன்னுட்டேன். மிஷினாண்ட போவவே மாட்டேன்னு சொல்லிக்கினேன்.”

“நல்லது” என்றார் தாட்சாயிணி.

அறிக்கை வந்தது. நோய் என்ன என்று அதில் இல்லை. அது நோயாளிக்கும் டாக்டருக்கும் நடுவில் மட்டும்தானாம். “காசு கட்டினவன் நானு” என்று நடேசன் சார் கொஞ்சம் குதித்தார். பிறகு கடைசி இரண்டு வரியைப் படித்தார். ‘இவர் செய்வதாகச் சொல்லப்பட்ட வேலைகளால் இந்தத் தொந்தரவு வர வாய்ப்பில்லை. தற்போதைய வேலையைத் தொடரத் தடையில்லை.’ அதற்குமேல் அவருக்கு எதுவும் தேவைப்படவில்லை. பாண்டியனைக் கூப்பிட்டு, இனி ஒரு நாள் லீவு போட்டாலும் வேலை கிடையாது என்றார். பாண்டியன் தலையாட்டிவிட்டுத் தற்போதைய வேலையைத் தொடரப் போனான். அதாவது கிரைண்டருக்கு.

பதினோராவது நாள் கிரைண்டர் அவன் கையிலிருந்து நழுவி, சுழன்றபடியே தரையில் விழுந்தது. அதன் கல் உடைந்தது. ஒரு துண்டு பக்கத்தில் இருந்த ஜெபாவின் காதோரம் போய்த் தண்ணீர் கேனில் குத்தி நின்றது. யாருக்கும் அடி இல்லை. ஜெபா மட்டும் கேனையும் தன் காதையும் மாறி மாறித் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் ஓடிப்போனபோது பாண்டியன் தன் உள்ளங்கையைப் பார்த்தபடி நின்றான்.

“கை தானா தொறந்துக்கிச்சு சார். நான் தொறக்கல” என்றான்.

நடேசன் சார் அன்று மெஷின் பார்க்கக் கோயம்புத்தூர் போயிருந்தார். போனில் கேட்டுக்கொண்டார். கவனக்குறைவு, வாடிக்கையான லீவு, டாக்டரே தகுதியானவர் என்று எழுதிக்கொடுத்தும் ஒத்துழைக்காதது என்று காரணம் காட்டி வேலைநீக்கக் கடிதம் அடித்து வைக்கச் சொன்னார். மறுநாள் காலை வந்து கையெழுத்துப் போடுவார்.

தாட்சாயிணி அடிக்க ஆரம்பித்தார். ‘மருத்துவர் தகுதியானவர் என்று’ என்பது வரை கீபோர்டுச் சத்தம் கேட்டது. பிறகு நின்றுவிட்டது. ஃபைலிலிருந்து தான் எழுதிய படிவத்தின் நகலை எடுத்தார். ரொம்ப நேரம் அதையே பார்த்தார்.

“ஆனந்தன், பெருக்கறவன் கை தானா தொறந்துக்குமா?”

“தொறந்துக்காது.”

“அப்ப டாக்டர் எழுதுனது தப்பில்லையே?”

“இல்ல” என்றேன். சொன்ன பிறகுதான் எங்கள் இருவருக்கும் உறைத்தது.

பாண்டியனைக் கூப்பிட்டனுப்பினார். அவன் வந்து நின்றதும், இருபத்திரண்டு வருஷத்தில் யாரிடமும் கேட்காததைக் கேட்டார்.

“நெஜமா உனக்கு இன்னா பண்ணுது?”

அவன் என்னைப் பார்த்தான். பிறகு சொன்னான். “காலைல வெரலு மரக்கட்ட மாதிரி ஆயிடும்க்கா. குத்தம்பாக்கத்திலேர்ந்து வண்டில வரணும். கிளட்ச் புடிக்க வராது. பூந்தமல்லி சிக்னலாண்ட ஒருநாள் வுட்டுட்டேன், லாரிக்காரன் காறித் துப்பிட்டுப் போனான். அதான், ரொம்ப மரத்துப்போற அன்னிக்கி ஜுரம்னு போட்டுருவேன்.”

“எத்தினி நாளா?”

“பெரிய பொண்ணு அஞ்சாவது படிக்கச் சொல்லோ வந்துச்சு. இப்ப பதினொண்ணாவது.”

“டாக்டராண்ட ஏன்டா சொல்லல?”

“மரத்துப்போறத சொன்னேன்க்கா. வேலயத்தான் சொல்லல.” தலையைச் சொறிந்தான். “ஃபைல் வெச்சிக்கினு இருந்தாங்களே.”

அவன் போனதும் தாட்சாயிணி பீரோவைத் திறந்து பழைய லீவு நோட்டுகளை எடுத்தார். ஆறு வருஷ நோட்டுகள். பாண்டியன், காய்ச்சல். பாண்டியன், காய்ச்சல். எல்லாமே அவர் கையெழுத்து, குண்டு குண்டாக, அழகாக. முதல் வருஷம் மூன்று நாள்தான். அடுத்த வருஷம் ஏழு. வருஷாவருஷம் ஏறிக்கொண்டே வந்திருந்தது. நோட்டை மூடி வைத்துவிட்டு அழுதார். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மேஜையில் இருந்த பாகத்தை எடுத்துத் தடவிப் பார்த்தேன், பிசிறு இருந்தது. அதைத் திருப்பி அனுப்ப எனக்கு வெட்கமாக இருந்தது.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து புதுப் படிவம் ஒன்று எடுத்தார். வேலை: வார்ப்புப் பாகங்களில் பிசிறு எடுத்தல். கருவி: கையால் பிடிக்கும் கிரைண்டர். நேரம்: தினம் ஏழு மணி, ஓவர்டைம் இருந்தால் பத்து. எத்தனை வருஷம்: பதின்மூன்று. லீவுக்குக் காரணம்: கை. முன்பு அனுப்பிய விவரங்கள் தவறு, தவறு என்னுடையது என்று கீழே தனியாக ஒரு வரி. சரசா டை காஸ்டிங்குக்காக என்று தன் கையெழுத்தையே போட்டு ரப்பர் ஸ்டாம்ப் குத்தினார்.

“உங்க வேல போயிடும்” என்றேன்.

“என் வேல இன்னா ஆனந்தன்? ரிஜிஸ்தர்ல நானும் ஹெல்பர்தான்” என்றார். உண்மைதான். பதினெட்டாவது பெயர் அவருடையது.

டாக்டருக்குப் போன் செய்து சாயங்காலம் ஐந்தரைக்கு நேரம் வாங்கினார். பாண்டியனைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. “கம்பெனிய மாட்டி வுட சொல்றியாக்கா? நாளைக்கு மொதலாளி மூஞ்சில எப்டி முழிப்பேன்?” என்றான். மறுநாள் அவனை வெளியே அனுப்பத் தயாராகிற கடிதம் பாதி அடித்தபடி கம்ப்யூட்டரில் இருந்தது. தாட்சாயிணி திரையைத் திருப்பி அவனையே படிக்கச் சொன்னார். மெதுவாக எழுத்துக்கூட்டிப் படித்தான். தன் பெயர் வந்த இடத்தில் நிறுத்தினான். பிறகு முஷ்டியால் பேனாவைப் பிடித்து ஒப்புதல் கையெழுத்துப் போட்டான்.

என் வண்டியில் அவனை ஏற்றிக்கொண்டேன். தாட்சாயிணி பஸ்ஸில் வந்தார். டாக்டர் லாவண்யா சின்ன வயது, சத்தமில்லாத பேச்சு. எங்களையும் உள்ளே விடலாமா என்று பாண்டியனைக் கேட்டார். “இருக்கட்டும் மேடம்” என்றான். டாக்டர் இரண்டு படிவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார்.

“என்ன வேலை செய்றீங்க பாண்டியன்?”

பாண்டியன் மேஜைமேல் இருந்த ஃபைலைப் பார்த்தான். “பெருக்குவேன் மேடம். டப்பா அடுக்குவேன்.”

நான் தலையில் அடித்துக்கொண்டேன். தாட்சாயிணி நாற்காலியை அவன் பக்கம் திருப்பினார்.

“பாண்டியா, அது நான் சொல்லிக் குடுத்தது. நானே சொல்றேன், அத வுட்டுடு. இவங்க இன்ஸ்பெக்டர் இல்ல. ஒன் கையப் பாக்க கீறாங்க.”

அவன் ஃபைலிலிருந்து கண்ணை எடுத்து டாக்டரைப் பார்த்தான். பிறகு, “கிரைண்டர் மேடம்” என்றான். அதற்கப்புறம் நிறுத்தவே இல்லை. எந்த விரலில் ஆரம்பித்தது, எப்போது சாப்பாட்டைக் கையால் பிசைய முடியாமல் ஸ்பூனுக்கு மாறினான், சில்லறையை விரலால் எடுக்க முடியாமல் கடைக்காரனிடமே எடுத்துக்கொள்ளச் சொல்வது, எல்லாம் வந்தது. டாக்டர் அவனைச் சட்டையின் மேல் பட்டனைக் கழற்றி மறுபடி போடச் சொன்னார். கழற்றினான். போட வரவில்லை. இரண்டு கையாலும் பார்த்தான். பட்டனை விரல் தேடிக்கொண்டே இருந்தது, பட்டன் அங்கேயே இருந்தது.

“ஊட்ல சித்ராதான் போட்டு வுடும் மேடம்” என்றான். சித்ரா அவன் மனைவி. சொல்லிவிட்டுச் சிரித்தான். யாரும் கூடச் சிரிக்கவில்லை.

“மெஷின் அதிர்வு நரம்பைத் தாக்கியிருக்கு. இதே விவரம் ஆரம்பத்துலயே வந்திருந்தா அனேகமா முழுசா சரி பண்ணியிருக்கலாம். இப்போ இதுக்குமேல கெடாம பாத்துக்கலாம்” என்றார் டாக்டர். குற்றம் சொல்கிற தொனி இல்லை. இருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது.

வெளியே பஸ் நிறுத்தத்தில் தாட்சாயிணி, “என்ன மன்னிச்சுடு பாண்டியா” என்றார்.

“ஐயே, நீ இன்னாக்கா பண்ணுவே. ஜுரம்னு மெசேஜ் போட்டது நான்தான” என்றான் அவன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, வராத பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது அறிக்கை மறுநாள் காலையிலேயே வந்துவிட்டது, கம்பெனிக்கு ஒன்று, பாண்டியனுக்கு ஒன்று. ‘அதிரும் கருவி எதையும் இவர் இனித் தொடக் கூடாது. வேறு வேலைக்கு முழுத் தகுதி உள்ளவர். பிசிறு எடுக்கும் மற்ற ஊழியர்களையும் அனுப்பி வைக்கவும்.’ கோயம்புத்தூரிலிருந்து நேராக வந்த நடேசன் சார் அதை நின்றபடியே படித்தார்.

“நான் ஒருத்தன அனுப்பச் சொன்னா, நீ கம்பெனியையே அனுப்புவ போல கீதே. யாரு கையெழுத்து இது?”

“நான்தான் சார்.”

“யாரக் கேட்டுப் போட்ட?”

“இருபத்திரண்டு வருஷமா நான்தான் சார் போடறேன். பொய் எழுதுனப்ப நீங்க கேக்கல.”

நான் பாகத்தைத் தடவிக்கொண்டே தலை குனிந்துகொண்டேன். நடேசன் சார் அறிக்கையை மறுபடி படித்தார். டாக்டரிடம் அனுப்பியது அவர், அதற்குப் பணம் கட்டியது அவர், நகல் இன்னொன்று சாயங்காலம் குத்தம்பாக்கத்தில் சித்ராவின் பெட்டிக்குப் போய்விடும். அதற்குமேல் வேலைநீக்கக் கடிதம் கொடுத்தால் அது அவர் கழுத்துக்கே வரும் என்பது அந்த மனிதருக்குப் புரியாமல் இல்லை. “பேக்கிங்குக்குப் போவ சொல்லு” என்று சொல்லிவிட்டுக் கண்ணாடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். தாட்சாயிணியிடம் நாலு நாள் பேசவில்லை. வேலையை விட்டு அனுப்பவும் இல்லை. எந்தக் காகிதம் எந்த பீரோவில் இருக்கிறது என்று வேறு யாருக்கும் தெரியாது.

பாண்டியன் பேக்கிங்கில் நன்றாக இருக்கிறான். கை அப்படியேதான் இருக்கிறது, கெடவில்லை. பஸ்ஸில் வருகிறான். லீவு அநேகமாக இல்லை.

அந்த அறிக்கை வந்த அடுத்த திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு லட்சுமணன் எங்கள் மேஜைக்கு வந்தார். பிசிறு எடுக்கும் பிரிவில் அவர்தான் மூத்தவர், ஐம்பத்தாறு வயது, ஒருநாளும் லீவு போடாதவர். அவர் பின்னால் இன்னும் மூன்று பேர், கிரைண்டரை அணைத்துவிட்டு வந்து நின்றார்கள். கண்ணாடி அறைக்குள்ளிருந்து நடேசன் சார் பார்த்துக்கொண்டிருந்தார். லட்சுமணன் அவரையும் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, இரண்டு கையையும் மேஜைமேல் விரித்து வைத்தார்.

“எனக்கும் அந்த ஃபாரம் ஒண்ணு எழுதும்மா.”

தாட்சாயிணி பேனாவைத் திறந்தார். “வேல இன்னான்னு எழுதட்டும்ண்ணே?”

“கிரைண்டர்தான். வேற இன்னா?”

“கை எத்தினி வருஷமா இப்டி கீது?”

லட்சுமணன் யோசித்தார். “நீ இங்க வேலைக்கு சேர்ந்த புதுசுல, மொத நாளு எனக்கு டீ குடுத்தியே. அன்னிக்கே டம்ளரு என் கையில நிக்கல. நான் கொட்டிட்டேன்னு நீ சிரிச்ச.”

தாட்சாயிணி அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. இருபத்திரண்டு என்று எழுதினார்.